பலகைப் பாலத்தின் நாலாவது பதிவு

ஒரே பாட்டுக்கு நான்கு தடவை வாசித்திருக்கிறேன். நான்கு தடவையும் அதே அறை, அதே நாற்காலி. பாடியவர்கள்தான் வேறு. முதல் மூன்று பதிவுகளைப் பற்றி யாராவது என்னிடம் பெருமை பேசினால் எழுந்து போய்விடுவேன். நாலாவதைப் பற்றிப் பேசினால் உட்காரவைத்து சாப்பாடு வாங்கிக் கொடுப்பேன்.

என் பெயர் க்ளோவிஸ் டாக்கெட். அமெரிக்காவில் பாட்டுப் பதிவுக்குப் பேர்போன நாஷ்வில்லில் ஸ்டீல் கிட்டார் வாசிக்கிறவன். நாலு காலில் மேசை மாதிரி நிற்கும் வாத்தியம் அது. கைக்கு வேலை, காலுக்கு வேலை, முழங்காலுக்கும் வேலை. பாட்டில் யாராவது அழ வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுவார்கள். காலை பத்து மணிக்கு ஒரு பாடகர், இரண்டு மணிக்கு இன்னொருவர், ஆறு மணிக்கு மூன்றாமவர் என்று ஒரே நாளில் மூன்று பேருக்கு அழுதிருக்கிறேன். ரேடியோவில் நூறு பெயர் சொல்வார்கள். பின்னால் வாசிப்பது நாங்கள் ஏழெட்டுப் பேர்தான்.

பாட்டை எழுதியவள் நெல்டா ஸ்பார்க்மன். கென்டக்கி மலைப் பக்கத்துக்காரி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் ஒரு பெட்டியோடு பேருந்தில் வந்து இறங்கினாள். பாட்டு எழுதுவாள், பாடுவாள். ஆனால் எங்கள் ஊர் அவளை டெமோ பாடத்தான் வைத்துக்கொண்டது. பெரிய பாடகர்களிடம் கொண்டுபோய்க் காட்டுவதற்காக ஒரு பாட்டை முதலில் யாராவது பாடிப் பதிவு செய்ய வேண்டுமல்லவா, அந்த வேலை. அதில் ஒரு சாமர்த்தியம் உண்டு. நன்றாகப் பாட வேண்டும், ஆனால் ரொம்ப நன்றாகப் பாடிவிடக் கூடாது. கேட்கிற நட்சத்திரம் 'இதை நான் பாடினால் எப்படி இருக்கும்' என்று நினைக்க வேண்டுமே தவிர, 'அடடா, இவள் யார்' என்று கேட்டுவிடக் கூடாது. நெல்டா அதில் கெட்டிக்காரி. பதினொரு வருடம் தன்னை ஒளித்துக்கொண்டே பாடினாள்.

அவள் எழுதியது ஒரு காதல் பாட்டு. லாரி ஓட்டுகிற புருஷன், வீட்டுக்குக் கால் மைல் முன்னால் ஓடைமேல் ஒரு பலகைப் பாலம். அவன் வண்டி ஏறியதும் பலகை தடதடக்கும். அந்தச் சத்தம் கேட்டு அவள் அடுப்பைப் பற்றவைப்பாள். அவ்வளவுதான் கதை.

*பலகைப் பாலம் தடதடங்க*
*பத்த வெச்சேன் அடுப்ப நான்*
*கோவிச்சு நீ போன அன்னிக்கும்*
*ரெண்டு கோப்ப கழுவி வெச்சேன்*

எழுபத்தொன்றில் அதன் டெமோவுக்கு நான்தான் சீட்டு எழுதினேன், டெமோ அந்த நாலு பதிவுக் கணக்கில் சேராது. இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் யாரும் ஸ்வரக் குறிப்பு எழுதி வாசிப்பதில்லை. ஒன்று, நாலு, ஐந்து என்று எண்கள்தான். எந்த சுருதியில் பாடினாலும் எண் மாறாது. சீட்டின் தலையில் ஒரே ஓர் எழுத்து இருக்கும், அதுதான் சுருதி. அந்த எழுத்தை அடித்து வேறு எழுத்து போட்டால் மொத்தப் பாட்டும் அப்படியே மேலே ஏறும், கீழே இறங்கும். ஐந்து நிமிடத்தில் எழுதிவிடலாம். பாட்டை வெளியிடுகிற ஆள் அன்றைக்கு என்னிடம், இது டர்வுட் மேஸிக்குப் போகப் போகிறது, அவர் குரலுக்கு ஏற்ற மாதிரி போடு என்றார். டர்வுட் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற குரல்காரர். நான் சீட்டின் தலையில் 'ஜி' என்று எழுதினேன். நெல்டா அந்த சுருதிக்கே இறங்கினாள். அடித்தொண்டையில் கிடந்து பாடினாள். கேட்டவர்கள் ஆகா, புகை மாதிரிக் குரல் என்றார்கள். அந்தப் பெயர் அவளோடு ஒட்டிக்கொண்டது.

டர்வுட்டுக்குப் பாட்டு பிடித்தது. ஆனால் ஓர் ஆம்பளை அடுப்பு மூட்டுவதாவது என்றார். தயாரிப்பாளர் லாஸ்கி உடனே பேனாவை எடுத்தார். ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று அடுத்தவர் பாட்டில் தாராளமாகக் கை வைக்கிறவர் அவர். முடிவில், பாலத்தில் வருகிறவன் பாடுகிற பாட்டாக அது மாறியது. வீட்டில் விளக்கில்லை, அவள் வேறொருவனோடு போய்விட்டாள், இவன் குடிக்கப் போகிறான். என்னை இன்னும் அழு, இன்னும் அழு என்றார்கள். நானும் ஒப்பாரி வைத்தேன். பாட்டு வாரப் பட்டியலில் பதினாலாம் இடம் வரை போனது. டர்வுட் அதற்குப் பிறகு மேடையில் அதைப் பாடாமல் இறங்கியதே இல்லை. ஊர் அதை டர்வுட் பாட்டு என்றது.

மூன்று வருடம் கழித்து கோரின் வேல் அதை எடுத்தாள். லாஸ்கி முதல் வேலையாக அவளிடம், எந்த சுருதி அம்மா என்று கேட்டார். நட்சத்திரங்களிடம் எப்போதும் அதுதான் முதல் கேள்வி. அவள் சொன்னாள், நான் எழுத்தை மாற்றினேன். பிறகு இருபது வயலின்கள் வந்தன. கோப்பை என்ற சொல் காதலுக்கு ஒத்துவராது என்று அதை நிலவாக்கினார்கள். அடுப்பு போய் மெழுகுவத்தி வந்தது. என்னை மூன்று மணி நேரம் சும்மா உட்காரவைத்தார்கள். நெல்டாவையும் கூப்பிட்டிருந்தார்கள், பின்னணியில் 'ஊ' என்று பாடுவதற்கு. தன் சொந்தப் பாட்டுக்கு அவள் 'ஊ' பாடினாள்.

மூன்றாவதாக ஒரு கணவன் மனைவி ஜோடி. எழுபத்தேழு அது, எல்லோருக்கும் ஆட்டம் போட வேண்டும். பலகைப் பாலம் நெடுஞ்சாலையானது. டிரம்ஸ் வாசிக்கிற ஹோய்ட் முழுப் பாட்டுக்கும் சுத்தியலடிக்கிற மாதிரி ஒரே அடி அடித்தான். முடிந்ததும் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, தச்சு வேலைக்கே போயிருக்கலாம் என்றான். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, பாட்டில் அவள் எழுதியது என்று நாலு வார்த்தை மிஞ்சியிருந்தால் அதிகம்.

நெல்டா இதற்கெல்லாம் சண்டை போட்டதில்லை. ஆனால் எழுபத்தொன்பது மார்ச்சில் ஒரு நாள் மதியம், காரை எடுக்கப் போன என்னைச் சந்தில் நிறுத்தினாள். மெம்ஃபிஸ் பக்கத்துச் சின்ன இசைத்தட்டுக் கம்பெனி ஒன்று அவளை ஒரு தடவை பதிவு செய்து பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தது. ஒரே ஒரு அமர்வு. பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை. மூன்று பாட்டு.

"ஒண்ணாவது அவங்களுக்குப் பிடிக்கணும், க்ளோவிஸண்ணே. இல்லன்னா நான் ஊருக்குப் போயிடறேன். சட்டை கம்பெனில வேலை இருக்குன்னு தங்கச்சி எழுதியிருக்கா."

கடைசிப் பாட்டு எது என்று கேட்டேன்.

"பலகைப் பாலம்தான். நான் எழுதின மாதிரியே, ஒரே ஒரு தடவை பாடிட்டுப் போயிடறேன்."

அவளுக்கு அப்போது முப்பத்தைந்து வயது. எங்கள் தொழிலில் ஒரு பெண் முதல் பதிவு செய்கிற வயது அது இல்லை. எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். நான் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அன்றைக்கு எல்லோரும் நேரத்துக்கு வந்துவிட்டோம். ஹோய்ட் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தான். அதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லாஸ்கி, பக்கத்தில் கம்பெனிக்காரர். மெலிந்த மனிதர். வந்ததிலிருந்து கோட்டைக் கழற்றவில்லை. ஒரு மணிக்கு மேல் ஒரு நிமிடம் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். இரண்டு மணிக்கு அதே அறையில் வேறு ஆட்கள்.

முதல் பாட்டு முடிந்தது, இரண்டாவதும் முடிந்தது. குறை சொல்ல முடியாது, நிறை சொல்லவும் ஒன்றுமில்லை. சுத்தமாகப் பாடினாள், எந்த நட்சத்திரம் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்துகொள்ளலாம் என்கிற மாதிரி காலியாகப் பாடினாள். பதினொரு வருடப் பழக்கம் எங்கே போகும்? கம்பெனிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டெமோ மாதிரியே இருக்கிறதே என்று லாஸ்கியிடம் அவர் சொன்னது ஒலிபெருக்கியில் எங்களுக்கும் கேட்டுவிட்டது. நெல்டாவுக்கும் கேட்டது.

பலகைப் பாலத்துக்கு வரும்போது பன்னிரண்டேகால். இதற்குச் சீட்டு யாருக்கும் வேண்டியதில்லை, நாங்கள் மூன்று தடவை வாசித்தவர்கள். இருந்தாலும் வழக்கப்படி, பெட்டியில் கிடந்த பழைய சீட்டை எடுத்து நடுவில் மாட்டினேன். எட்டு வருடத்துக்கு முன்னால் அவளுடைய டெமோவுக்கு எழுதியது, அவள் பாட்டு, அவளே பாடப் போகிறாள், அதையே போட்டால் சரியாக இருக்கும் என்று நினைத்தேன். நான் மட்டுமல்ல, எல்லோருமே அப்படித்தான் நினைத்தார்கள். லாஸ்கி நெல்டாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. டெமோதான் இருக்கிறதே, கேட்க என்ன இருக்கிறது?

முதல் தடவை பாடினாள். செத்துப் போயிருந்தது. இரண்டாம் தடவை ஹோய்ட் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினான். வேகமாகச் செத்தது. மூன்றாம் தடவை நான் என் வாத்தியத்தில் அழுது பார்த்தேன், வார்த்தைகள் அழவிடவில்லை. அவள் எழுதிய எல்லா வரியும் இருந்தன. அடுப்பு இருந்தது, கோப்பை இருந்தது. கேட்டால் டர்வுட்டின் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் நிற்கிற மாதிரி இருந்தது. பன்னிரண்டு நாற்பது ஆகிவிட்டது. சட்டை கம்பெனி வாசலில் அவள் நிற்பது என் கண்ணுக்கே தெரிந்தது.

லாஸ்கி கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எங்களோடு பேசுகிற பொத்தானை அழுத்தினார். "நல்லாத்தான் இருக்கும்மா. உன்னோட அந்தப் புகை இருக்கு பாரு, அத இன்னும் கொஞ்சம் சேத்துக்க."

நெல்டா காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். அவள் கோபப்பட்டு நாங்கள் பார்த்ததில்லை. அதனால் முதலில் அது கோபம் என்றே எங்களுக்குப் புரியவில்லை.

"எந்தப் புகை சார்? டர்வுட் அண்ணனுக்குன்னு ஒரு புகை விட்டேன், கோரினுக்குன்னு ஒரு புகை விட்டேன். பதினோரு வருஷமா உங்க அடுப்புக்கெல்லாம் நான்தான் புகை. இன்னும் வேணுமா?"

லாஸ்கி ஏதோ சமாதானம் சொல்ல வாயைத் திறந்தார்.

"வேற எப்பிடிப் பாடட்டும், சொல்லுங்க. எங்க ஊர்ல ஓடைக்கு அந்தப் பக்கம் நிக்கிற மாட்டக் கூப்பிடுவோமே, அந்த மாதிரி பாடட்டுமா?"

அப்படிச் சொல்லிவிட்டு, எங்களைக் கேலி செய்கிறதற்காகத்தான், முதல் இரண்டு வரியையும் எடுத்தெறிந்து பாடினாள். வாத்தியம் இல்லை, மைக்கைப் பார்க்கவில்லை, கண்ணாடியைப் பார்த்துக் கத்துகிற மாதிரி. பலகைப் பாலம் தடதடங்க.

நான் பதினோரு வருடமாகக் கேட்ட குரல் இல்லை அது. அதில் புகையே இல்லை. கதவைத் திறந்ததும் மூஞ்சியில் அடிக்கிற காலை வெயில் மாதிரி இருந்தது. பாலம் எங்கே இருக்கிறது, வீடு எவ்வளவு தூரம், அவன் எத்தனை நாள் கழித்து வருகிறான், எல்லாம் அந்தக் குரலிலேயே இருந்தது. என் கை தானாகப் போய்க் கம்பியைத் தொட்டது. அவள் நிறுத்திய இடத்தைத் தேடியது. அது 'ஜி' இல்லை. 'சி'. நாங்கள் அவளைப் போட்டு வைத்திருந்த இடத்திலிருந்து மேலே நாலாவது படி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஓர் எழுத்தை எழுதியவன் நான். வேறொரு மனிதனின் தொண்டைக்கு எழுதியது. பெரிய ஆட்கள் உள்ளே நுழைந்ததும் உட்காரும் முன்னே சுருதி என்ன என்று கேட்கிற நாங்கள், இவளிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. அதைச் சொல்ல வெட்கமில்லை.

"நெல்டா, உன் சுருதி என்ன?"

"எனக்கு எப்படிண்ணே தெரியும்?" அவளுக்கு மூச்சு வாங்கியது. "இந்த ஊர்ல யாராவது ஒருத்தர் கேட்டிருக்கீங்களா?"

நான் எழுந்து போய்ச் சீட்டின் தலையில் இருந்த 'ஜி'யை அடித்தேன். பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது. பக்கத்தில் 'சி' என்று பெரிதாக எழுதினேன்.

லாஸ்கிக்குப் பயம் வந்துவிட்டது. மணி பன்னிரண்டு நாற்பத்தேழு, இப்போது போய் சுருதியை மாற்றுகிறாயா என்றார். பழகிய பாட்டு, பழகாத இடம், யாராவது தடுக்கி விழுந்தால் எழுந்திருக்க நேரமில்லை என்றார். அவர் சொன்னது நியாயம்தான். பியானோக்காரர் டெல்மர் தாடையைச் சொறிந்துகொண்டார். ஹோய்ட் மட்டும் இஸ்திரிச் சட்டையின் கையை மடித்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு எல்லா சுருதியும் ஒண்ணுதான்யா. நீங்க பாத்து வாங்க."

டிரம்ஸ்காரன் அதைச் சொன்னால் சிரிக்காமல் என்ன செய்வது. டெல்மர் சிரித்தார். பேஸ் கிட்டார்காரர் சிரித்தார். நெல்டாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஹோய்ட் நாலு தட்டுத் தட்டிவிட்டான்.

எண் அதே எண்தான். ஒன்று, நாலு, ஒன்று, ஐந்து. ஆனால் எல்லாம் புதிய இடத்தில் இருந்தது. என் விரல்கள் எட்டு வருடமாகப் போய்ப் பழகிய வழியை விட்டுவிட்டுக் கேட்டுக் கேட்டுப் போயின. பழக்கத்தில் வாசிக்க முடியாததால் எல்லோரும் அவளையே கவனித்தோம். அவள் மூச்சு எடுத்தால் நாங்களும் எடுத்தோம். இரண்டாம் வரியில் அவள் பின்னால் தங்கினாள், யாரும் அவசரப்படவில்லை. நான் அழவே இல்லை. அழுவதற்கு அந்தப் பாட்டில் ஒன்றும் இல்லையே. புருஷன் வந்துகொண்டிருக்கிறான். இது சந்தோஷமான பாட்டு. மூன்று தடவை வாசித்தும் எங்களுக்குத் தெரியாமல் போன விஷயம் அது. பலகை தடதடக்கிற இடத்தில் ஹோய்ட் குச்சியைத் திருப்பிப் பிடித்து விளிம்பில் உருட்டினான். நெல்டாவின் முகம் மலர்ந்தது. மூன்றாம் சரணத்தில், கோபித்துக்கொண்டு போன நாளைப் பாடும்போது அவள் குரல் ஓரிடத்தில் லேசாக உடைந்தது. அதைச் சரிசெய்ய அவள் முயலவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு அடுத்த வரிக்குப் போனாள். கடைசிப் பல்லவியை முழுக் குரலில், ஓடைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்கட்டும் என்று விட்டாள்.

பாட்டு முடிந்து கடைசி அதிர்வும் அடங்கியது. பிறகு லாஸ்கியின் குரல் வந்தது. அருமை, அருமை, எதற்கும் பாதுகாப்புக்கு இன்னொரு தடவை எடுத்துவிடலாம், அந்த மூன்றாம் சரணத்தில் ஒரு பிசிறு இருக்கிறது என்றார். மணி பன்னிரண்டு ஐம்பத்தொன்று. நேரமும் இருந்தது.

எங்கள் தொழிலில் தயாரிப்பாளரை எதிர்த்துப் பேசுகிற வழக்கமில்லை. பேசினால் நாளைக்குக் கூப்பிட மாட்டார்கள். ஆனால் பேசாமல் சொல்கிற ஒரு வழி உண்டு. நான் கம்பிமேல் இழுத்து வாசிக்கிற இரும்புத் துண்டைத் துணியில் துடைத்துப் பைக்குள் போட்டேன். கம்பியை மீட்ட விரலில் மாட்டியிருந்த உலோக நகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். டெல்மர் பியானோவின் மூடியைச் சாத்தினார். பேஸ்காரர் ஒயரை உருவிச் சுருட்டினார். ஹோய்ட் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டான். ஒன்பது நிமிடம் மிச்சம் வைத்து நாங்கள் மூட்டை கட்டியது அதுதான் முதல் தடவை.

லாஸ்கி எங்களைப் பார்த்தார். இருபது வருடம் எங்களோடு வேலை செய்தவர், அவருக்குப் புரியாதா? பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டார்.

கம்பெனிக்காரர் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார். எப்போது கழற்றினாரோ தெரியாது, கோட்டு கையில் இருந்தது. நேராக ஹோய்ட்டிடம் வந்து, இந்தப் பெண் இத்தனை நாள் எங்கே இருந்தாள் என்று கேட்டார்.

"இங்கதான் சார் இருந்தா," என்றான் ஹோய்ட். "இதே அறையில."

அந்தப் பாட்டை அப்படியே வெளியிட்டார்கள், பிசிறோடு. முதல் மூன்று வாரம் ஒரு சலனமும் இல்லை. நெல்டா மறுபடி டெமோ பாட வந்துகொண்டிருந்தாள், நானும் அவளும் கண்ணைப் பார்த்துப் பேசிக்கொள்ளவில்லை. பிறகு கென்டக்கியில் ஒரு ரேடியோக்காரர், அதிகாலை லாரிக்காரர்களுக்கான நேரத்தில் அதைப் போட்டார். லாரிக்காரர்கள் வழியில் நிறுத்தித் தொலைபேசியில் கூப்பிட்டு, அதை இன்னொரு தடவை போடு என்றார்கள். அவர்கள் பெண்டாட்டிமார்களும் கூப்பிட்டார்கள். பாட்டு மலையை விட்டு இறங்கி டென்னசி முழுக்கப் பரவி, தெற்கே அலபாமா வரைக்கும் போனது. செப்டம்பர் இரண்டாம் வாரம் முதல் இடத்துக்கு வந்தது. வந்தது, நாலு வாரம் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. அவள் தங்கை சட்டை கம்பெனியின் மொத்த ஆட்களோடும் ஒரு பேருந்தை அமர்த்திக்கொண்டு அவள் பாடுகிறதைக் கேட்க வந்தாள்.

இருந்தாலும் ஒரு விஷயம் நெல்டாவை அரித்துக்கொண்டிருந்தது. மேடையில் அவளை அறிமுகம் செய்கிறவர்கள், டர்வுட் மேஸி பாடிப் புகழ்பெற்ற பாடலை இதோ நெல்டா பாடுகிறார் என்றே சொன்னார்கள். அவள் ஒவ்வொரு தடவையும் திருத்தப் பார்த்தாள். பாட்டை எழுதியவள் நான் என்று மைக்கில் சொன்னால் தற்பெருமை மாதிரி இருக்கிறது, சொல்லாவிட்டால் நெஞ்சு எரிகிறது, நான் என்னதான் செய்ய என்று என்னிடம் கேட்டாள். முதலிடம் கிடைத்தும் பாட்டு அவள் கைக்கு முழுசாக வந்து சேரவில்லை.

நவம்பரில் ஒரு நாள் மதியம் நாங்கள் வழக்கமாகச் சாப்பிடுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தோம். நான், ஹோய்ட், நெல்டா. பொரித்த கோழி, கீரை, சோள ரொட்டி. கதவைத் தள்ளிக்கொண்டு டர்வுட் மேஸி வந்தார். ஆறடி மூன்று அங்குலம், தொப்பியோடு இன்னும் அரை அடி. அந்த இடத்தில் சாப்பிடுகிறவர்கள் யாரும் எந்த நட்சத்திரத்தையும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர் நேராக எங்கள் மேசைக்கு வந்து, கேட்காமலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நெல்டாவையே முறைத்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து ஹோய்ட் கோழியைக் கீழே வைத்தான்.

"சனிக்கிழமை உங்க கென்டக்கில, படூக்கா ஊர்ல பாடினேம்மா," என்றார் டர்வுட். "நாலாயிரம் பேர். எப்பவும் போல நம்ம பாலத்தப் பாட ஆரம்பிச்சேன். ரெண்டு வரிகூட ஆகல, மூணாவது வரிசையில ஒரு பொம்பள, இடுப்புல புள்ளயோட, எந்திரிச்சு நிக்கிறா. 'அண்ணே, அது நெல்டா பாட்டு. அத ஏன் கெடுக்கறீங்க'ங்கிறா."

நெல்டா ரொட்டியை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள்.

"நான் ஏழு வருஷமா பாடற பாட்டுன்னு சொன்னேன். 'பாடினீங்க, தப்பாப் பாடினீங்க'ங்கிறா. அவ பக்கத்துல இருந்தவ உன் வரியைப் பாட ஆரம்பிச்சா. அப்புறம் அந்த வரிசை. அப்புறம் நாலாயிரம் பேரும். என் வாத்தியக்காரப் பசங்களும் அவங்க பக்கம் சேந்துட்டானுங்க."

"அப்ப நீங்க என்ன பண்ணீங்க?" என்று கேட்டாள் நெல்டா.

டர்வுட் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "என்ன பண்றது? சேந்து பாடலாம்னு பாத்தா எனக்கு வார்த்தை தெரியல. ஆயுசுல முதல் தடவையா மேடையில நின்னு சும்மா வாய அசைச்சேன்."

ஹோய்ட் மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தான். டர்வுட்டும் சிரித்துவிட்டார். நல்ல மனிதர்தான் அவர், எப்போதும் அப்படித்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து, மேசையிலிருந்த காகிதக் கைத்துண்டை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டார்.

"சொல்லும்மா. நீ எழுதின மாதிரியே சொல்லு. எழுதிக்கறேன்."

நெல்டா சொல்ல ஆரம்பித்தாள். ஒவ்வொரு வரியாக, நிதானமாக, அந்தப் பெரிய மனிதர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். இரண்டாம் சரணம் வரும்போது அவள் கை டம்ளருக்குப் போனது. நிறுத்தித் தண்ணீர் குடித்தாள். அதற்குள், எங்களுக்குக் காப்பி ஊற்ற வந்த பரிமாறுகிற பெண் அடுத்த வரியை டர்வுட்டுக்குச் சொன்னாள். அதற்கடுத்த வரியைப் பக்கத்து மேசை பெயிண்டர் சொன்னார். சமையலறை ஜன்னலிலிருந்து சமையல்காரர் தலையை நீட்டி, அவர் தப்பாகச் சொல்கிறார் என்று திருத்தினார். சரியாகத்தான் திருத்தினார்.

நெல்டா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். கண்ணீர் வழிந்ததை அவள் துடைக்கவில்லை. மிச்சப் பாட்டை அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடைசி வரி வரைக்கும் அவர்களே சொல்லி முடித்தார்கள்.